கிறிஸ்மஸ் நாடகத்துச் சத்திரக்காரன் பைபிளில் எங்கே?

சண்டேஸ்கூல் டீச்சர் | நவம்பர் 28, இரவு 9:40

பத்து வருஷமாக எங்கள் சபையில் கிறிஸ்மஸ் நாடகம் நான்தான் பழக்குகிறேன். இந்த வருஷம் முதல் ஒத்திகையிலேயே மாட்டிக்கொண்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், மூன்று வருஷமாக அவன்தான் சத்திரக்காரன். "இடம் இல்ல, போங்க போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவான், அவ்வளவுதான் வேஷம். இந்தத் தடவை, "டீச்சர், என் டயலாக் பைபிள்ல எந்த வசனம்?" என்று கேட்டுவிட்டான். லூக்கா இரண்டு என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால் சத்திரக்காரனே இல்லை. இருப்பது இந்த ஒரு வரி:

"சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்."

யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் விரட்டவில்லை. மரியாள் ஏறி வந்த கழுதையும் இல்லை. பனி இல்லை (அது எனக்கே தெரியும், பஞ்சு ஒட்டுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது). மத்தேயுவுக்குப் போனால் மூன்று ராஜாக்களும் இல்லை. "சாஸ்திரிகள்" வருகிறார்கள், எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

இத்தனை வருஷம் இந்தக் கதையைப் படித்தேனா, மேடையில் பார்த்தே பழகிவிட்டேனா என்று சந்தேகமாக இருக்கிறது. ஒழுங்காக உட்கார்ந்து படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்? பிரசங்கம் வேண்டாம், வரிக்கு வரி பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

கிரேக்கக் கிறுக்கன் | நவம்பர் 28, இரவு 10:55

டீச்சர், முதல் வேலையாக மத்தேயுவையும் லூக்காவையும் பிரித்து வையுங்கள். நாடகம் இரண்டையும் கலந்து ஒரே குழம்பாக்கிவிடுகிறது. ஒரு வாரம் மத்தேயு 1, 2 மட்டும். அடுத்த வாரம் லூக்கா 1, 2 மட்டும். மாற்கில் பிறப்பே கிடையாது, நேராக யோர்தான் ஞானஸ்நானம். யோவானில் மேய்ப்பர், தொழுவம் எதுவும் இல்லை, "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்குகிறது. பவுல் "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆக, மொத்தப் பிறப்புக் கதையும் நான்கு அதிகாரம்தான்.

பிரித்துப் படித்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். மத்தேயுவில் நாசரேத்திலிருந்து பயணம் கிடையாது. குடும்பம் பெத்லகேமிலேயே வீடு வைத்திருப்பது போல் இருக்கிறது. சாஸ்திரிகள் நுழைவது "வீட்டுக்குள்". எகிப்துக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் நாசரேத் வருகிறது. லூக்காவில் நாசரேத்தில் தொடங்கி, குடிமதிப்புக்காக (மக்கள் கணக்கெடுப்பு) பெத்லகேம் போய், எருசலேம் தேவாலயத்தில் காட்டிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ஏரோது ராஜா குழந்தைகள்மேல் வாள் எடுப்பதும் இல்லை, எகிப்தும் இல்லை. மத்தேயுவில் தேவதூதன் பேசுவது யோசேப்பிடம், அதுவும் கனவில். லூக்காவில் மரியாளிடம், நேரில்.

இனி உங்கள் சத்திரம். கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் கத்தலூமா. தங்குமிடம், விருந்தாளிக்கு ஒதுக்கிய அறை என்று பொருள். இதே லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு கடைசி இராப்போஜனத்துக்குக் கேட்கிற அறைக்கும் இதே சொல்தான். காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கிற நிஜமான சத்திரத்துக்கு லூக்காவிடம் வேறு சொல் இருக்கிறது, பந்தோகெயோன். நல்ல சமாரியன் கதையில் வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் பிறப்புக் கதையிலும் சமாரியன் கதையிலும் "சத்திரம்" என்றே போட்டுவிட்டதால் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அப்படிப் பார்த்தால் கதை இப்படி ஆகிறது: சொந்தக்காரர் வீடு. விருந்தாளி அறை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதனால் வீட்டு ஆட்கள் புழங்குகிற பெரிய அறையிலேயே, மாட்டுக்குத் தீவனம் போடுகிற இடத்தில் பிள்ளையைக் கிடத்துகிறார்கள்.

சண்டேஸ்கூல் டீச்சர் | நவம்பர் 29, காலை 6:15

> வீட்டு ஆட்கள் புழங்குகிற பெரிய அறையிலேயே, மாட்டுக்குத் தீவனம் போடுகிற இடத்தில்

வீட்டுக்குள்ளேயா மாடு?

கிரேக்கக் கிறுக்கன் | நவம்பர் 29, காலை 7:02

ஆமாம். யூதேய மலைநாட்டுச் சாதாரண வீடுகளில் ராத்திரி கால்நடையை உள்ளே ஓட்டி வந்து ஒரு பக்கம் கட்டுவார்கள். களவும் போகாது, குளிருக்கும் கதகதப்பு. பழைய ஏற்பாட்டிலேயே சாட்சி இருக்கிறது: எந்தோர் ஊர்ப் பெண்ணிடம் சவுல் ராஜா போகிறபோது "கொழுத்த கன்றுக்குட்டி ஒன்று வீட்டில் இருந்தது" (1 சாமுவேல் 28). இன்னொன்று: "பெத்லகேமுக்கு வந்த அன்று ராத்திரியே பிரசவ வலி" என்பதும் நாடகம் சேர்த்ததுதான். "அவ்விடத்திலே அவர்கள் இருக்கையில்" பிரசவகாலம் வந்தது என்றுதான் லூக்கா சொல்கிறார். போய்ச் சேர்ந்து சில நாள், சில வாரம்கூட ஆகியிருக்கலாம்.

சூசை பேரன் | நவம்பர் 29, மதியம் 1:30

டீச்சருக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன். எங்க திருவிவிலியத்துல பிறப்புக் கதையில "விடுதி", சமாரியர் கதையில "சாவடி"ன்னு வேற வேற சொல்லுதான் போட்டிருக்காங்க. முன்னணைக்கு "தீவனத் தொட்டி". அர்த்தம் சட்டுன்னு புரியுது, ஆனா ஒத்துக்கிறேன், முன்னணைங்கிற சொல்லுல இருக்கிற அழகு தொட்டியில இல்ல.

ஆனா கிறுக்கன் அண்ணே, ஒரேயடியா வீட்டுக்குள்ள கொண்டுபோயிடாதீங்க. குகை மரபு ரொம்பப் பழசு. இரண்டாம் நூற்றாண்டுலயே யுஸ்தீன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர், பாலஸ்தீனத்து ஆளு, ஊருக்குள்ள தங்க இடம் கிடைக்காம பக்கத்துக் குகையில தங்கினாங்கன்னு எழுதுறார். யாக்கோபு பேர்ல வழங்குற முதல் நற்செய்திநூல்லயும் குகைதான், மருத்துவச்சிகூட வர்றா. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துல பெத்லகேம்ல கோயில் கட்டினதும் குகைக்கு மேலதான், 339ல அர்ச்சிப்பு. இப்ப நிக்கிறது ஆறாம் நூற்றாண்டுல பேரரசர் யுஸ்தீனியன் காலத்துல திரும்பக் கட்டினது.

நான் போயிருக்கேன். வாசல் இவ்வளவு பெரிய கோயிலுக்குப் பொருந்தாத அளவுக்குக் குட்டை, குனிஞ்சாத்தான் உள்ள போக முடியும். குதிரையோட யாரும் உள்ள வராம இருக்க அடைச்சுச் சின்னதாக்கினாங்கன்னு சொன்னாங்க. படியில இறங்கினா குகைத் தரையில வெள்ளி நட்சத்திரம், பதினாலு முனை. முட்டி போட்டுத் தொட்டு முத்தம் குடுக்குறாங்க. என் முன்னாடி ஒரு எத்தியோப்பிய அம்மா எந்திரிக்கவே இல்ல. பின்னாடி வரிசை நிக்குது, அவங்களுக்கு அது கணக்கே இல்ல. நான் படிச்ச வசனம் ஒண்ணும் அப்ப ஞாபகம் வரல.

கிரேக்கக் கிறுக்கன் | நவம்பர் 29, மாலை 4:10

ஒத்துக்கொள்கிறேன், யுஸ்தீனை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் குகையும் வீடும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. அந்தச் சுண்ணாம்புப் பாறை மலையில் குகையை ஒட்டி முன்னால் வீட்டைக் கட்டி, பின்னால் குகையில் மாட்டைக் கட்டுகிற வழக்கமும் உண்டு.

அல்லேலூயா 77 | நவம்பர் 29, இரவு 8:20

பிரதர் சிஸ்டர் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெத்லகேம் மேய்ப்பர்கள் சாதாரண மேய்ப்பர்கள் இல்லை, தேவாலயத்துப் பலி ஆடுகளை மேய்த்தவர்கள். பழுதில்லாத ஆட்டுக்குட்டி பிறந்ததும் அடிபடாமல் இருக்கத் துணியில் சுற்றி முன்னணையில் வைப்பார்களாம். அதனால்தான் "துணிகளில் சுற்றி முன்னணையில்" என்பது அவர்களுக்கு அடையாளம்! எங்கள் குரூப்பில் வந்தது. எவ்வளவு ஆழமான வெளிப்பாடு!

கிரேக்கக் கிறுக்கன் | நவம்பர் 29, இரவு 9:05

பிரதர், வருத்தப்படாதீர்கள். இதில் பாதிக்கு ஆதாரம் உண்டு. எருசலேமுக்கும் பெத்லகேம் பக்கத்து மிக்தால் ஏதேருக்கும் நடுவே அகப்படுகிற ஆடுமாடுகளைப் பலிக்கு எடுப்பது பற்றி மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத்தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டுக்குட்டியைத் துணியில் சுற்றுவது மட்டும் எந்தப் பழைய நூலிலும் கிடையாது. துணியில் சுற்றுவது எல்லாக் குழந்தைக்கும் செய்ததுதான். எசேக்கியேல் 16இல் கைவிடப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, உன்னைத் துணியில் சுற்றக்கூட ஆள் இல்லை என்று வருகிறது. இந்தப் பிள்ளையைச் சுற்ற ஆள் இருந்தது. அது போதாதா?

மேய்ப்பர் என்றால் ஊரே ஒதுக்கிவைத்த கூட்டம் என்றும் ஒரு பிரசங்கம் ஓடுகிறது. அதற்குக் காட்டுகிற யூத ரபீக்களின் எழுத்துகள் பிற்காலத்தவை. பெத்லகேமில் மேய்ப்பன் என்றால் லூக்காவின் வாசகனுக்கு முதலில் மேய்ப்பனாக இருந்து ராஜாவான தாவீதுதானே நினைவுக்கு வருவான்!

கேள்விக்குறி | நவம்பர் 30, காலை 11:45

நாத்திகன் ஒருவன் நுழையலாமா? மாட்டை எங்கே கட்டினார்கள் என்று மூன்று நாளாகப் பேசுகிறீர்கள். வீட்டின் அஸ்திவாரத்தையே யாரும் பார்க்கவில்லை.

மத்தேயு சொல்கிற ஏரோது செத்தது கிமு 4. லூக்கா சொல்கிற சிரேனியு சீரியாவுக்கு ஆளுநராகி யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தது கிபி 6, ஏரோதின் மகன் அர்கெலாயுவைப் பதவியிலிருந்து இறக்கிய பிறகு. யோசேப்பஸ் என்ற முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் விவரமாக எழுதியிருக்கிறார். நடுவில் பத்து வருஷ ஓட்டை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தாத்தாவின் ஊருக்குப் போய் எழுதிக்கொள் என்று எந்த ரோம அதிகாரி சொல்வான்? எகிப்தில் கிபி 104இல் வந்த ஓர் ஆணையை எடுத்துக் காட்டுவார்கள். அது வெளியூர் போனவர்களை அவரவர் சொந்த வீட்டுக்குத் திரும்பச் சொல்கிற ஆணை, பரம்பரை ஊருக்கு அல்ல.

கூடவே ஒரு சின்னச் சந்தேகம். லூக்காவில் தாய் சுத்திகரிப்புக்குக் கொடுப்பது இரண்டு புறாக்கள். லேவியராகமம் 12இன்படி ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத ஏழை கொடுப்பது அது. சாஸ்திரிகள் கொண்டுவந்த பொன் எங்கே போச்சு?

சூசை பேரன் | நவம்பர் 30, மதியம் 12:20

பொன் அப்ப வந்து சேரல. சுத்திகரிப்பு நாப்பதாம் நாள். ஏரோது "இரண்டு வயசுக்கு உட்பட்ட" பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான்னா, ஞானிகள் வர்றதுக்குள்ள பிள்ளை வளர்ந்திருக்கணும். குடில்ல நாம ஒரே ராத்திரியில எல்லாரையும் நிக்க வெச்சிட்டோம், அவ்வளவுதான்.

கேள்விக்குறி | நவம்பர் 30, மதியம் 12:31

நாற்பதாம் நாள் முடிந்ததும் நாசரேத்துக்குத் திரும்பினார்கள் என்கிறார் லூக்கா. அப்போ ஞானிகள் பெத்லகேமில் யார் வீட்டுக்குள் போனார்கள்?

அல்லேலூயா 77 | நவம்பர் 30, மதியம் 12:50

வேதத்தைச் சந்தேகிக்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை? இந்தப் புறஜாதிப் புத்தி

(மீதி நீக்கப்பட்டது)

மட்டுறுத்துநர் | நவம்பர் 30, மதியம் 1:05

கேள்விக்குப் பதில் இருந்தால் எழுதுங்கள், ஆளைத் தொடாதீர்கள். போகிறபோக்கில் ஒன்று: அந்தக் கதையில் பொன் கொண்டுவந்தவர்களே புறஜாதியார்தான், அதாவது யூதர் அல்லாதவர்கள்.

கிரேக்கக் கிறுக்கன் | நவம்பர் 30, இரவு 10:30

கேள்விக்குறி, தேதிக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. லூக்கா சொல்கிற "முதலாம் குடிமதிப்பு" என்பதில் "முதலாம்" என்ற சொல்லை "முன்னதாக" என்று திருப்பி ஓட்டையை அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது கஷ்டப்பட்டு வளைப்பதாகவே படுகிறது. இரண்டு பயண வரிசைகளையும் முழுசாக ஒட்டவைக்க என்னால் முடியவில்லை.

ஆனால் நான் இந்தக் கதையை விடாமல் படிக்கிறதே அந்தக் குடிமதிப்புக்காகத்தான். கிபி 6ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு யூதர்களுக்கு வெறும் கணக்கெடுப்பு இல்லை. வரி கட்டாதே, ரோமனுக்கு அடிமையாகாதே என்று கலிலேயனாகிய யூதாஸ் கலகம் பண்ணினான். லூக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். அப்போஸ்தலர் 5:37இல் "குடிமதிப்பின் நாட்களிலே கலிலேயனாகிய யூதாஸ் என்பவன் எழும்பி" என்று அவரே எழுதுகிறார். அந்த ஞாபகம் உள்ள வாசகனிடம், "அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது" என்று தொடங்கி, கலிலேயாவிலிருந்து கத்தி எடுக்காத ஒரு தச்சனை, நிறைமாத மனைவியோடு அனுப்புகிறார்.

அந்த அகுஸ்து யார்? ரோமப் பேரரசன். இப்போதைய துருக்கியின் மேற்குக் கரையில் பிரியேனே என்ற ஊரில் கிமு 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அகுஸ்துவின் பிறந்தநாளான செப்டம்பர் 23இல் புத்தாண்டு தொடங்கட்டும் என்ற தீர்மானம் அது. தெய்வமாகிய அவன் பிறந்தநாள் உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்கிறது, ரட்சகன் என்கிறது, போரை முடித்தவன் என்கிறது. இப்போது லூக்காவின் தூதன் மேய்ப்பரிடம் சொல்வதை எடுத்துப் பாருங்கள்: நற்செய்தி, ரட்சகர், பூமியிலே சமாதானம். சொல்லெல்லாம் அரண்மனைச் சொல். பிள்ளை மட்டும் முன்னணையில்.

மரியாளின் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்." சாமுவேலின் தாய் அன்னாள் பாடினதன் சாயல் அது. தாலாட்டு மெட்டில் பாடிப் பாடி, அதில் ஒரு ராஜா கீழே விழுகிற சத்தமே நமக்குக் கேட்பதில்லை.

கேள்விக்குறி | நவம்பர் 30, இரவு 11:02

இப்படிச் சொன்னால் கேட்கலாம். கணக்கெடுப்பு நடந்ததா என்பதை நான் விடமாட்டேன், ஆனால் அந்தக் கல்வெட்டு விஷயம் நன்றாக இருக்கிறது.

காயல் காற்று | டிசம்பர் 1, காலை 5:50

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. குர்ஆனில் 19ஆம் அத்தியாயமே மர்யம் பெயரில்தான். அதில் பெத்லகேமும் இல்லை, முன்னணையும் இல்லை, யோசேப்பும் இல்லை. மர்யம் அலைஹிஸ்ஸலாம் தனியாக, ஊரைவிட்டுத் தூரமாகப் போகிறார்கள். பிரசவ வலி அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுபோகிறது. "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்கிறார்கள். கவலைப்படாதே, கீழே ஓடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, கனிந்த பழம் விழும், சாப்பிடு, குடி என்று குரல் வருகிறது.

என் உம்மா பிரசவம் பார்த்த காலத்துப் பெண். இந்த வசனத்தை ஓதும்போதெல்லாம், "வலியை மறைக்காமச் சொல்லியிருக்கு பாரு" என்பார்கள். உங்கள் வேதத்தில் மரியாளின் வலி பற்றி வருகிறதா? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

சூசை பேரன் | டிசம்பர் 1, காலை 9:15

வ அலைக்கும் ஸலாம் பாய். பிறப்புக் கதையில ஒரு வார்த்தைகூட இல்ல. "பெற்றெடுத்தார்", முடிஞ்சது. எங்க திருச்சபை மரபுல மாதாவுக்கு வலியே இல்லன்னுதான் சொல்லுவாங்க. பேரீச்ச மரம் எங்க பக்கத்துலயும் ஒரு பழைய நூல்ல உண்டு, மத்தேயு பேர்ல பின்னாளில் எழுதினது. எகிப்துக்குப் போற வழியில பாலன் சொன்னதும் மரம் குனிஞ்சு பழம் குடுக்குது.

பேசாம இருக்கிறவங்கன்னு எடுத்தா எனக்கு ஞாபகம் வர்றவர் சூசையப்பர்தான், நீங்க சொல்ற யோசேப்பு. நாலு நற்செய்தியிலயும் அவர் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசல, தேடிப் பாருங்க. கனவு காண்றார், எந்திரிக்கிறார், போறார். அந்தப் பேசாத மனுஷனைத் தலைவனா வெச்சு வீரமாமுனிவர் தமிழ்ல 3615 பாட்டு எழுதினார், தேம்பாவணி. வளன்னு பேரும் வெச்சார். எங்க தாத்தாவுக்குச் சூசைன்னு பேர், அவரும் அதிகம் பேசமாட்டார்.

சண்டேஸ்கூல் டீச்சர் | டிசம்பர் 2, இரவு 8:45

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி மத்தேயுவை மட்டும் தனியாகப் படித்தேன். இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன்.

முதலாவது வம்சவரலாறு. ஒவ்வொரு வருஷமும் தாண்டிப் போகிற பகுதி. ஆண் பெயர்களுக்கு நடுவே மரியாளுக்கு முன்னால் நாலு பெண்கள். தாமார், ராகாப், ரூத், நாலாவதற்குப் பெயரே சொல்லாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவள்". ஊர் வாயில் விழுந்தவர்கள், வேற்று ஜாதிக்காரிகள். யோசேப்பு மரியாளை இரகசியமாகத் தள்ளிவிட நினைக்கிற இடத்துக்கு வருவதற்குள் இந்த நாலு பேரையும் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது. சாராள், ரெபெக்காள் என்று கௌரவமான பெயர்கள் இருக்க, ஏன் இவர்கள் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

இரண்டாவது, ஏரோது செத்த பிறகு தூதன் சொல்வது: "பிள்ளையின் பிராணனை வாங்கத் தேடினவர்கள் இறந்துபோனார்கள்." செத்தது ஏரோது ஒருவன். ஏன் "இறந்துபோனார்கள்"? அச்சுப்பிழையா?

கிரேக்கக் கிறுக்கன் | டிசம்பர் 2, இரவு 9:20

டீச்சர்! அச்சுப்பிழை இல்லை, கிரேக்கத்திலும் பன்மைதான். யாத்திராகமம் 4:19 எடுங்கள். மீதியானில் ஒளிந்திருந்த மோசேயிடம் கர்த்தர் எகிப்துக்குத் திரும்பிப் போகச் சொல்லும்போது: "உன் பிராணனை வாங்கத் தேடின மனிதர் எல்லாரும் இறந்துபோனார்கள்." அந்த வாக்கியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார் மத்தேயு, பன்மைகூட மாறாமல். ஆண் குழந்தைகளைக் கொல்கிற ராஜா, தப்புகிற ஒரு பிள்ளை, எகிப்து. மோசேயின் கதைதான், ஆனால் தலைகீழ். இங்கே தப்பி ஓடுகிற இடம் எகிப்து, பார்வோனாக உட்கார்ந்திருப்பவன் எருசலேமில்.

பெத்லகேம் கொலையை யோசேப்பஸ் எழுதவில்லை என்று கேள்விக்குறி அடுத்துச் சொல்வார். உண்மை. அதே யோசேப்பஸ்தான் ஏரோது தன் மனைவி மரியம்னேயையும் மூன்று சொந்த மகன்களையும் கொன்றதை எழுதினவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்விக்குறி | டிசம்பர் 2, இரவு 9:33

எழுதிக்கொண்டே இருந்தேன். அழித்துவிட்டேன்.

காயல் காற்று | டிசம்பர் 3, காலை 6:05

"சாஸ்திரிகள்" என்றால் யார்? படித்தவர்களா, ஜோசியக்காரர்களா?

கிரேக்கக் கிறுக்கன் | டிசம்பர் 3, காலை 7:40

மாகோய் என்பது மூலச்சொல். பாரசீகப் பூசாரி, நட்சத்திரம் பார்க்கிறவன், மந்திரவாதி எல்லாருக்கும் வழங்கும். வேடிக்கை பாருங்கள், அப்போஸ்தலர் 13இல் பவுலை எதிர்க்கிற பர்யேசுவுக்கும் அதே சொல்தான். அவன் தமிழில் "மாயவித்தைக்காரன்". இவர்கள் நல்லவர்கள் என்பதால் "சாஸ்திரிகள்" ஆகிவிட்டார்கள்! மூன்று காணிக்கை இருந்ததால் மூன்று பேர். சங்கீதம் 72இலும் ஏசாயா 60இலும் ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருவதால் ராஜாக்கள். சிரியக் கிறிஸ்தவ மரபில் பன்னிரண்டு பேர் என்றும் உண்டு.

டீச்சரின் கொட்டகையில் நிற்கிற மாடும் கழுதையும்கூட இப்படித்தான் வந்தன. ஏசாயா 1:3: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்." அந்த முன்னணை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டும் கதைக்குள் நுழைந்துவிட்டன. நாலாம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களிலேயே நிற்கின்றன. அசிசித் துறவி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தியது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

சண்டேஸ்கூல் டீச்சர் | டிசம்பர் 8, இரவு 9:10

நாடகத்தை மாற்றி எழுதிவிட்டேன். கதவு சாத்துகிற காட்சி போச்சு. ஒரு வீடு, நெரிசல், ஒரு பாட்டி, "இந்தப் பக்கம் வாங்க, மாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுறேன்" என்கிறாள். சாஸ்திரிகள் ஐந்து பேர், ஏனென்றால் ஐந்து பிள்ளைகள் அந்த வேஷம் கேட்டார்கள். கமிட்டியில் ஒரு பெரியவருக்குக் கோபம். "சத்திரம்னு வேதத்துலயே போட்டிருக்கே" என்கிறார். அவரிடம் கத்தலூமா என்று சொல்லப் போய் இன்னும் கோபமாகிவிட்டார்.

சத்திரக்காரப் பையனுக்குத்தான் ரொம்ப வருத்தம். கதவை ஓங்கிச் சாத்துவது அவனுக்கு அவ்வளவு பிடிக்குமாம். அதனால் லூக்கா பத்தாம் அதிகாரத்தைத் திறந்து, இதோ பார், உன் ஆள் இங்கே இருக்கிறான், நிஜமான சத்திரம், நிஜமான சத்திரக்காரன், அடிபட்டவனை உள்ளே சேர்த்துக்கொள்கிறான், ஈஸ்டருக்கு அந்த நாடகம் போடலாம் என்று காட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

"டீச்சர், இதுல சமாரியன் எனக்கு ரெண்டு காசு குடுக்கணும். நிஜக் காசுதானே?"

கேள்விக்குறி | டிசம்பர் 8, இரவு 9:14

அவனுக்கு என் சார்பில் இரண்டு பத்து ரூபாய் நாணயம். அந்த இரண்டையும் நாடகம் முடிந்ததும் திருப்பிக் கேட்காதீர்கள்.